போணியக்காவின் கை

அவளுக்கு ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அழகான பெயர்தான், ஆனால் கூப்பிட ஆளில்லாமல் சும்மா கிடக்கிறது. புருஷன் "இந்தா" என்பார். தங்கை "அக்கா" என்பாள். கடைவீதி முழுக்க, அவளைவிட வயதில் மூத்த மொட்டைத்தலை முதலாளிகள் உட்பட, அவளைப் போணியக்கா என்றுதான் கூப்பிடும். காலையில் கடை திறந்ததும் நடக்கிற முதல் வியாபாரத்துக்குப் போணி என்று பேர். அந்த முதல் காசு யார் கையிலிருந்து வருகிறதோ, அதைப் பொறுத்துத்தான் மீதி நாள் என்பது கடைக்காரர்களின் நம்பிக்கை. "அதெல்லாம் சும்மா" என்று சொல்லிக்கொண்டே அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுகிறவர்களும் உண்டு.

அவள் தொழில் தையல். புதுத்துணி வெட்டித் தைக்கிற பெரிய தையல் இல்லை. பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது, பள்ளிக்கூடப் பைக்கு ஒட்டுப்போடுவது. "ஜனங்க இளைச்சாலும் எனக்கு வேலை, பெருத்தாலும் எனக்கு வேலை" என்பாள். கடைவீதியின் நடுவிலுள்ள இரண்டு மாடிக் கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற முக்கோண இடம்தான் அவள் கடை. ஒரு மிஷின், இரண்டு முக்காலி, ஒரு ட்யூப்லைட், சுவரில் நூல்கண்டு மாட்டிய பலகை. உள்ளே போகத் தலை குனிய வேண்டும். மறந்துபோய் நிமிர்ந்தால் படியின் அடிப்பக்கம் நெற்றியில் ஒரு குட்டு வைக்கும். பணிவு கற்றுக்கொள்ள அவளுக்கு வேறு பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை, அல்லது அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பட்டம் வந்த கதை காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். வீதியின் முனையில் ஒரு பாத்திரக்கடை. அதன் முதலாளி அவளுடைய சபைக்காரர், ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமாகப் பாடுகிறவர், சுருதி மட்டும் சேராது. ஒரு மாதம் அவருக்கு வியாபாரமே இல்லை. ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் அக்கா போய்ச் சின்னக் கரண்டி ஒன்று வாங்கினாள். வீட்டுக் கரண்டியின் காம்பு உடைந்திருந்தது, அவ்வளவுதான் விஷயம். அவள் படியிறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் புதிதாக ஹோட்டல் திறக்கப்போகிறவர் ஒருவர் வந்து, அண்டா முதல் டம்ளர் வரை ஒரு வேன் நிறைய வாங்கிக்கொண்டு போனார். பாத்திரக்கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, மாடிப்படிக்குக் கீழே குனிந்து நின்று சொன்னார்.

"அக்கா, கர்த்தர் ஆசீர்வாதத்த உங்க கையில வெச்சிருக்காரு. இனிமே தினம் என் கடைக்குத்தான் முதல்ல வரணும்."

"தினம் பாத்திரம் வாங்க நான் என்ன ஹாஸ்டலா நடத்துறேன்?" என்று அக்கா சிரித்தாள்.

"பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரு ஒண்ணு வாங்குங்க போதும். வாங்கிட்டு மறுநாள் திருப்பிக் குடுத்துடுங்க, நான் வேற குடுக்கிறேன்."

அன்றைக்கு வேடிக்கையாகத் தொடங்கியது பிறகு வழக்கமாகிவிட்டது. காலையில் அவள் வீதிக்குள் நுழைந்தால் பாத்திரக்கடை, அதற்கப்புறம் பழக்கடை, செருப்புக்கடை, பேனாக்கடை என்று கூப்பிடாத ஆளில்லை. தன் கைராசிக்கு யாராவது காத்திருக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? முதலில் வெட்கப்பட்டாள். பிறகு சிரித்தாள். பிறகு, இதைச் சொல்லத்தான் வேண்டும், வீதிக்குள் நுழையுமுன் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்ள ஆரம்பித்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் இம்மியும் மாறவில்லை. யாரிடமும் எதையும் சும்மா வாங்கமாட்டாள். பழக்கடைக்காரர் ஒரு பழத்தைச் சேர்த்துப் போட்டால் அதற்கும் காசு. பேனாக்கடையில் ஒரு குண்டூசி எடுத்தால் அதற்கும் காசு. "ஓசியில வாங்கின ஊசி குத்தினா ஆறாது" என்பது அவளே கட்டிய பழமொழி.

புருஷன் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். நாள் முழுக்க மற்றவர்களை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டுத் தான் மட்டும் கீழே வருகிறவர். அதனாலோ என்னவோ, யார் உயர்ந்தாலும் அவருக்குப் பொறாமை வராது. வேலைக்குக் கிளம்புமுன் வேதத்தில் ஞானமொழிகள் உள்ள பகுதியை எடுத்து, தேதிக்கு ஓர் அதிகாரமாக உரக்க வாசிப்பார். முப்பத்தொரு அதிகாரம், மாதத்துக்கும் முப்பத்தொரு நாள், கணக்கு கச்சிதம். முப்பதாம் தேதி வருகிற அதிகாரத்தில் ஒருவன், வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம், எனக்குப் போதுமான சாப்பாட்டைக் கொடும் என்று கடவுளிடம் கேட்பான். "பிப்ரவரியில முப்பது கிடையாது. அந்த ஒரு மாசம் மட்டும் நாம கொஞ்சம் பேராசைப்படலாம்" என்று வருஷா வருஷம் அதே ஜோக்கைச் சொல்வார். அக்காவும் வருஷா வருஷம் சிரிப்பாள். கல்யாண வாழ்க்கை என்பது வேறென்ன?

"ஊருக்கெல்லாம் ராசியான கை, நம்ம வீட்டு டப்பாவுல மட்டும் ஏன் ஒண்ணும் தங்க மாட்டேங்குது?" என்று ஒரு நாள் அவர் சீண்டினார்.

"சொந்த வீட்டுக்குப் பலிக்காதாம். பாத்திரக்கடைக்காரர் சொன்னாரு."

"ஓகோ. கடவுளோட பர்ஸ் உன் கையில இருக்கு, ஆனா அதுல நம்ம வீட்டு விலாசம் மட்டும் எழுதல."

அவள் முறைத்தாள். அவர் கேலிக்குத்தான் சொன்னார், ஆனால் அவள் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் அவளே பாதி நம்ப ஆரம்பித்திருந்தாள்.

இந்தப் பாதி நம்பிக்கை முழு வினையாக வந்து நின்றது தங்கை கடை திறந்தபோது. தங்கையைப் பற்றிச் சொல்லாவிட்டால் அக்காவைப் பற்றி ஒன்றுமே சொன்னதாகாது. அம்மா போனபோது தங்கைக்குப் பால்பல் விழுகிற வயது. தலைவாரிவிட்டதும், காய்ச்சலில் மடியில் கிடத்தியதும், கதை சொல்லித் தூங்கவைத்ததும் அக்காதான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்று யாராவது உச்சுக்கொட்டினால், "யாரு சொன்னது? எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு பிள்ளை" என்பாள். தங்கையின் புருஷன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதி கடலில் இருப்பான். தனி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், அவன் அனுப்பியதில் மிச்சம் பிடித்ததையும் தன் நகைகளையும் போட்டு, தங்கை ஒரு பீங்கான் கடை வைத்தாள். தட்டு, கோப்பை, கண்ணாடி டம்ளர். இடம் கிடைத்தது எங்கே? பாத்திரக்கடைக்கு நேர் எதிரே.

"எதிர்க்கடைன்னா என்ன? அவரு இரும்பு, நான் கண்ணாடி. அவரு சாமான் விழுந்தா சத்தம் வரும், என் சாமான் விழுந்தா அழுகை வரும்" என்று தங்கை சிரித்தாள். அவளுக்கும் அக்காவின் நாக்கு உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் சிரிக்கவில்லை. "அக்கா, போணி நீதான் பண்ணணும். நகையெல்லாம் போட்டிருக்கேன். நீ கை வெச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"நான் பண்ணாம வேற யாருடி பண்ணுவா?" என்றாள் அக்கா. அப்படிச் சொன்னபோது அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது.

திறப்பு நாளாகத் தங்கை பத்தாம் தேதியைத் தேர்ந்தெடுத்தாள். பத்தாம் அதிகாரத்தில்தான், கர்த்தர் ஆசீர்வதித்துக் கொடுக்கிற செல்வத்தோடு வேதனையைச் சேர்த்துக் கொடுக்கமாட்டார் என்று வருகிறது. அன்று காலை புருஷன் அதை வாசிக்கும்போது அக்கா காதில் வாங்கவில்லை. அவள் அடுப்படியில் கேக் செய்துகொண்டிருந்தாள். சூடு ஆறுவதற்குள் அதை அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவசரம் என்றால் அப்படியொரு அவசரம்.

வீதிமுனைக்கு வந்தபோது பாத்திரக்கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலில் நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னைக்கு எதிர்ப்பக்கமா அக்கா?"

"தங்கச்சி கடை அண்ணே. இன்னைக்கு ஒரு நாள்."

"போங்க, போங்க. சொந்தம்னு இருந்தா அப்படித்தான்" என்றார். அவர் அதை நல்லவிதமாகத்தான் சொல்ல முயன்றார்.

அந்த நேரம் பார்த்து, சூடான கேக்கின் ஈரத்தில் ஊறிப்போன அட்டைப்பெட்டியின் அடி கையோடு வந்துவிட்டது. அக்கா இரண்டு உள்ளங்கையிலும் கேக்கை ஏந்திக்கொண்டு, "அய்யோ, அய்யோ" என்று நடுவீதியில் நின்றாள். பாத்திரக்கடைக்காரர் ஓடிப்போய் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து கேக்குக்குக் கீழே நீட்டினார். கேக் பிழைத்தது.

"எவ்வளவு அண்ணே?"

"அட, கொண்டுபோங்கக்கா. காசு எதுக்கு?"

சும்மா வாங்குவதாவது! கேக் தட்டை அவர் கையிலேயே ஒரு நொடி கொடுத்துவிட்டு, முந்தானையில் விரலைத் துடைத்து, இடுப்புப் பர்சைத் திறந்து அவர் கையில் காசை வைத்த பிறகுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது. அவர் பழக்கதோஷத்தில் அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்கா நிமிர்ந்தாள். எதிரே, புதிதாகத் துடைத்த கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தங்கை நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தாள்.

அதற்கப்புறமும் கொடுமை முடியவில்லை. அந்த எதிர்க்கடைத் தட்டையே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தட்டு விற்கிற தங்கையின் கடைக்குள் அக்கா நுழைய வேண்டியிருந்தது. உள்ளே சபைக்காரர்கள் கூடியிருந்தார்கள், பாஸ்டர் ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அக்கா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு கல்லாப்பக்கம் வந்தாள். தங்கை எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாள்.

"அக்கா போணி ஏற்கெனவே பண்ணியாச்சு. வேற யாராவது வாங்குங்க."

கூட்டம் போனதும் கடைக்குப் பின்னால், வைக்கோல் சுற்றிய பீங்கான் பெட்டிகளுக்கு நடுவில் இருவரும் நின்றார்கள்.

"பெட்டி கிழிஞ்சு போச்சுடி. அவரு காசு வேண்டாம்னுதான் சொன்னாரு. சும்மா எப்படி வாங்குறது?"

"ஒரே ஒரு நாள் சும்மா வாங்கியிருக்கலாமேக்கா. எனக்காக." தங்கைக்கு அழுகை வந்துவிட்டது. "சின்ன வயசுல நீ வேதத்துலேர்ந்து ஒரு கதை சொல்லுவியே. அப்பா ஆசீர்வாதத்தையெல்லாம் தம்பி ஏமாத்தி வாங்கிட்டுப் போயிடுவான். அண்ணன் லேட்டா வந்து அழுவான். அப்பா, உங்ககிட்ட ஒரே ஒரு ஆசீர்வாதம்தானா இருக்குன்னு கேப்பான். பாவம் அவன்னு நாம ரெண்டு பேரும் அழுவோம். இப்ப நான் கேக்குறேன். உன்கிட்டயும் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சா?"

என் கையில் ஒன்றுகூட இல்லையடி, அது கொடுக்கிறவர் வேறு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருஷமாக வீதி சொன்னதை மறுக்காமல் சிரித்துக்கொண்டிருந்த வாய் அது, இன்றைக்கு மட்டும் எப்படிச் சொல்லும்? அக்கா திரும்பி நடந்துவிட்டாள்.

அன்றிலிருந்து தங்கை அக்கா வீட்டுக்கு வரவில்லை. சபையில் வேறு வரிசையில் உட்கார்ந்தாள். முடிவு ஜெபம் முடிந்து கண்ணைத் திறப்பதற்குள் வாசலைத் தாண்டிவிடுவாள். பீங்கான் கடையில் வியாபாரம் மந்தம். புதுக்கடை என்றால் ஆறு மாதம் அப்படித்தான் இருக்கும் என்பது வியாபாரம் தெரிந்த யாருக்கும் தெரியும். ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "அக்கா கை அந்தப் பக்கம் போச்சு, இந்தப் பக்கம் படுத்துடுச்சு" என்றது வீதி. பேனாக்கடைக்காரர் அதை அக்காவிடமே பெருமையாகச் சொன்னார், பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு.

அக்கா அன்றைக்கு ஒரு பேன்ட்டின் ஒரு காலை மட்டும் இரண்டு தடவை வெட்டிவிட்டாள். இத்தனை வருஷத்தில் இல்லாத தப்பு. வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கை வலிக்குதா?" என்றார் புருஷன்.

"இந்தக் கையாலதான் அவ கெட்டா."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் கேலி பேசவில்லை.

"இதைக் கேளு. உன் கையால கடைக்காரங்க நல்லா இருந்தாங்கன்னு நம்பினே பாரு, அதனாலதான் இப்ப உன் கையால அவ கெட்டுப்போனான்னும் நம்புற. ரெண்டும் ஒரே பொய். ஒண்ணு இனிச்சுது, ஒண்ணு கசக்குது."

"அப்ப இத்தனை வருஷம் வித்ததெல்லாம்?"

"அவங்க சாமான் நல்ல சாமான். அதான் வித்துச்சு. குடுக்கிறது மேல இருக்கிறவரு. அவருக்கு உன் சில்லறை வேண்டாம்."

அக்கா அழுதாள். புருஷன் தட்டில் சாப்பாடு போட்டுப் பக்கத்தில் வைத்தார். அழுது முடித்துச் சாப்பிட்டாள்.

மறுநாளிலிருந்து போணியக்கா அந்த வீதியில் எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தாள். ஊசி, நூல் எல்லாம் இரண்டு வீதி தள்ளிப் போய் வாங்கினாள். பழம் வாங்குவதை நிறுத்தினாள். கூப்பிட்டவர்களுக்கெல்லாம் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு, கையைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நேராக மாடிப்படிக்குக் கீழே போய்க் குனிந்துவிடுவாள். வீதியே கலங்கிப்போனது. செருப்புக்கடைக்காரர் தூது விட்டார். பழக்கடைக்காரர் கோபித்துக்கொண்டார். அவள் அசையவில்லை.

சில வாரம் கழித்துப் பாத்திரக்கடைக்காரர் வந்தார். வழக்கம்போல் மறந்துபோய் நிமிர்ந்து, நெற்றியில் குட்டு வாங்கிக்கொண்டு, தடவியபடியே முக்காலியில் உட்கார்ந்தார். கையில் தைக்கக் கொடுக்க எதுவும் இல்லை.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"நீங்க வராமலே விக்குது."

அக்கா மிஷினை நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அக்காதான். பிறகு அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். இத்தனை வருஷத்து ராசி ஒரே வாக்கியத்தில் போயிற்று. அது இவ்வளவு லேசாகப் போகும் என்று அவள் நினைக்கவேயில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவர் குரல் மாறியது. "விக்குது. ஆனா காலையில பேச ஆளில்லக்கா. வீட்டுக்காரி போனதுலேர்ந்து, முதல் வார்த்தை பேசுறது உங்ககிட்டதான். அது இல்லாம கடையைத் திறக்கவே கை வரல. ராசின்னு நெனச்சேன். ராசி இல்ல போலிருக்கு, பழக்கம்."

"அதை முன்னாடியே சொல்லியிருந்தா ஸ்டீல் நாரு காசு எவ்வளவு மிச்சமாயிருக்கும்!"

அவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். "இன்னொண்ணும் சொல்லணும். உங்க தங்கச்சி கடை நல்லா இருக்கக் கூடாதுன்னு நான் ஒரு நாளும் வேண்டிக்கல. சத்தியமா. ஆனா நல்லா இருக்கணும்னும் வேண்டிக்கல. என் கடையில ஆள் நிக்கும்போதும் என் கண்ணு எதிர்க்கடையிலதான் இருக்கு. அங்க ஒருத்தன் ஏறினா எனக்கு வயிறு எரியுது. ஏறாம போனா நிம்மதி. அந்த நிம்மதியை நெனச்சா ராத்திரி தூக்கம் வரல. சம்பாத்தியம் இருக்குக்கா, ஆனா என்னமோ சேர்ந்தே வருது."

அக்காவுக்குப் பத்தாம் தேதிக் காலை ஞாபகம் வந்தது. கேக் செய்கிற அவசரத்தில் காதில் வாங்காத, வேதனை சேராத செல்வத்தைப் பற்றிய அந்த வார்த்தை இப்போது காதில் விழுந்தது. ஒன்றும் உபதேசம் செய்யவில்லை. உபதேசம் செய்ய அவளுக்கு என்ன தகுதி? "நாளைக்குக் காலையில வர்றேன்ணே. வாங்க மாட்டேன். பேசிட்டுப் போறேன்" என்றாள். அவர் எழுந்து, இந்தத் தடவை ஞாபகமாகக் குனிந்து வெளியே போனார்.

அவரிடம் அவ்வளவு சுலபமாகப் பேசியவளுக்குத் தங்கையிடம் போக மட்டும் கால் வரவில்லை. காலையில் போனால் போணி பண்ண வந்ததாகிவிடும். மத்தியானம் போனால் வியாபாரத்தைக் கெடுத்ததாகிவிடும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ராசிக்கும் சாஸ்திரத்துக்கும் யாரும் தேடாத நேரம் கடை சாத்துகிற நேரம். அப்போது போவோம், ஒரு சாதாரண ஆளைப்போல ஒரு கோப்பை வாங்குவோம், ஒரு வார்த்தை பேசுவோம். அவள் பேச்சை எடுத்தால் சரி, எடுக்காவிட்டால் கோப்பையாவது மிச்சம். அன்று சாயங்காலமே மிஷினுக்கு உறைபோட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பீங்கான் கடையில் விளக்குகளில் பாதியை அணைத்திருந்தாள் தங்கை. தூசியே இல்லாத டம்ளர் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். ரவிக்கைத் தோள் இறங்கித் தொங்குவதை அக்காவின் தையல்காரக் கண் முதலில் பார்த்தது. அந்த இறக்கத்தைப் பார்த்ததும் அவள் யோசித்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் பறந்துபோனது.

"ஒரு கோப்பை வேணும்" என்றாள். குரல் யாரோ ஒருத்தியுடையதுபோல் வந்தது.

தங்கை திரும்பிப் பார்த்தாள். டம்ளரை வைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைக் கோப்பையை எடுத்துத் துடைத்துக் கல்லாமேல் வைத்தாள். அக்கா பர்சைத் திறந்து காசை எடுத்தாள்.

"உனக்குத் தெரிஞ்சுதான் வந்தியா?" என்றாள் தங்கை.

"என்ன தெரிஞ்சு?"

"இன்னைக்கு இன்னும் போணி ஆகல."

அக்காவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. சாத்துகிற நேரம் என்று பார்த்துப் பார்த்து வந்தால், காலையிலிருந்து ஒரு ஜீவன் இந்தக் கடையில் ஒரு சாமானும் வாங்கவில்லை. கடைசி ஆளாக வந்தவள்தான் முதல் ஆளும். இந்தக் காசைக் கொடுத்தால் அவள் மறுபடியும் போணியக்கா. நாளைக்கு நாலு பேர் வந்தால் கைராசி, வராவிட்டால் கையின் குற்றம். பழைய பொய் மறுபடி இருவர் நடுவிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கொடுக்காவிட்டால்? நகையை விற்றுக் கடை வைத்த பிள்ளை, ஒரு நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு கதவைச் சாத்த வேண்டும். அந்தக் கையை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. 

"என் கையில ஒண்ணும் இல்லடி" என்றாள் அக்கா. அன்றைக்குப் பெட்டிகளுக்கு நடுவில் வராத வார்த்தை இன்றைக்கு வந்தது. "ஒரு காலத்துலயும் இருந்ததில்ல. இருக்குன்னு சொன்னாங்க, எனக்குப் பிடிச்சிருந்துச்சு, ஆமாம்னுட்டேன். அந்த ஆசையிலதான் உன்னை அழ வெச்சேன். வாங்கட்டுமா, வேண்டாமா, நீயே சொல்லு. எனக்குத் தெரியல."

தங்கை கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அக்காவின் கையைப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் வீதியே பேசிய அந்தக் கையைக் கிட்டத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை. ஆட்காட்டி விரல் முனை முழுக்க ஊசி குத்திய புள்ளிகள். கட்டைவிரலில் கத்தரிக்கோல் அழுத்திக் காய்த்துப்போன தடம். தங்கை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, காசை உள்ளேயே வைத்து மூடினாள்.

"வாங்காதக்கா. நாளைக்கு யாராவது வாங்குவாங்க. வாங்கலன்னா நாளன்னைக்கு. இன்னைக்கு நீ வந்தேன்னு மட்டும் இருக்கட்டும்."

அவ்வளவுதான், அக்கா உடைந்துவிட்டாள். சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். தங்கை அவளைப் பீங்கான் அடுக்குக்குத் தள்ளி இழுத்து நிறுத்தி, "மெதுவா அழு, உடைஞ்சா யாரு காசு குடுக்கிறது?" என்றாள். அழுதுகொண்டே சிரிக்கிற வித்தை அந்தக் குடும்பத்துக்கே உரியது. தங்கை வெள்ளைக் கோப்பையை எடுத்து அலமாரியில் அதன் இடத்தில் திருப்பி வைத்தாள். இரண்டு பேருமாக ஷட்டரை இழுத்துப் பூட்டினார்கள்.

அக்கா வீட்டுக் கதவைத் தட்டியபோது புருஷன் திறந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜோக் எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்துப் போட்டார். தங்கை கேட்டு வாங்கி வாங்கிச் சாப்பிட்டாள். மாதக்கணக்கில் அப்படிச் சாப்பிட்டிருக்கமாட்டாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. அவள் கையைத் துடைத்துவிட்டு வந்ததும் அக்கா இஞ்ச் டேப்பை எடுத்து ரவிக்கைத் தோளை அளந்தாள்.

"இதைப் பிடிச்சுத் தைக்க வேண்டாம்" என்றாள் தங்கை. "எப்படியும் பெருத்துடுவேன்."

சொன்னவள் அக்காவின் மடியில் தலைவைத்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனாள். அன்றைக்குக் கடையில் ஒரு டம்ளர்கூட விற்கவில்லை. நகையெல்லாம் போட்டுக் கடை வைத்ததிலிருந்து அவள் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்குத்தான். கால் மரத்துப்போயும் அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.